தேனீவழி மகரந்தச் சேர்க்கை

தேனீவழி மகரந்தச் சேர்க்கை என்பது, ஒரு பூவின் மகரந்தப்பையில் உண்டாகும் மகரந்தத் தூள் தேனீக்களின் உடலில் ஒட்டிக்கொண்டு, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பூவின் சூலகமுடியைச் சென்றடையும் நிகழ்வாகும். இதன் பின்னரே பூவில் கருவுறுதல் நடைபெற்றுக் காயும் விதையும் உண்டாகின்றன. தேனீக்கள் இதனைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. உணவு தேடிப் பூக்களுக்குச் செல்லும்போது அது தானாக நிகழ்கிறது.

தேன், தேன்மெழுகு ஆகியவற்றுக்காகவே தேனீக்கள் பெரிதும் அறியப்பட்டாலும், வேளாண்மைக்கும் காடுகளுக்கும் அவற்றால் கிடைக்கும் முதன்மையான பயன் மகரந்தச் சேர்க்கையே ஆகும். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் மனிதர் பெட்டியில் வைத்து வளர்ப்பவை மிகச் சிலவே. ஆகவே தேனீக்களைப் பாதுகாப்பது என்பது தேன்பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுடன் முடிந்துவிடுவதன்று.

பெயரும் வகைப்பாடும்

தேன், ஈ ஆகிய இரு சொற்கள் சேர்ந்து தேனீ என்றாயிற்று. எனினும் பூச்சியியலின்படி தேனீ ஈ வகையைச் சேர்ந்ததன்று. ஈக்களுக்கு ஓரிணைச் சிறகுகளே உண்டு. தேனீக்களுக்கு ஈரிணைச் சிறகுகள் உள்ளன. இவை எறும்பு, குளவி ஆகியவற்றுடன் சேர்ந்து சவ்விறகிகள் என்னும் வரிசையில் அடங்குகின்றன. குளவிகள் தம் புழுக்களுக்குப் பிற பூச்சிகளை இரையாகக் கொடுக்க, தேனீக்களோ மகரந்தத்தைக் கொடுக்கின்றன. இவ்வேறுபாடே தேனீக்களைப் பூக்களுடன் பிணைத்தது.

பழந்தமிழில் பூக்களை நாடும் பூச்சிகளுக்குச் சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு எனப் பல பெயர்கள் வழங்கின. இன்றும் மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருநிறத் தேனீயைக் கருவண்டு என்றே பலரும் அழைக்கின்றனர். அதனால் அதுவும் ஒரு தேனீ என்பது பலருக்குத் தெரிவதில்லை. மகரந்தத்துக்குப் பூந்துகள், தாது என்னும் பெயர்களும் உண்டு.

நடைபெறும் முறை

பூக்களில் தேனீக்களுக்கு இரண்டு வகை உணவுகள் கிடைக்கின்றன. பூந்தேனில் உள்ள சர்க்கரை பறப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. மகரந்தத்தில் உள்ள புரதம் புழுக்கள் வளரத் தேவைப்படுகிறது. தேனீயின் உடலில் உள்ள மயிர்கள் கிளைத்து இறகு போன்று அமைந்திருப்பதால் மகரந்தம் அவற்றில் எளிதில் சிக்கிக்கொள்கிறது. பறக்கும்போது தேனீயின் உடலில் உண்டாகும் நிலைமின்னூட்டமும் தூளை ஈர்க்க உதவுகிறது.

கூட்டமாக வாழும் தேனீக்கள் உடலில் படிந்த தூளைக் கால்களால் சீவி, தேன் கலந்து நனைத்து, பின்னங்கால்களில் உள்ள மகரந்தக் கூடையில் உருண்டையாகச் சேர்க்கின்றன. இவ்வாறு நனைக்கப்பட்ட மகரந்தம் பெரும்பாலும் செடிக்குப் பயன்படுவதில்லை. சீவும்போது தப்பி உடலின் பிற பகுதிகளில் தங்கிவிடும் உலர்ந்த தூளே அடுத்த பூவின் சூலகமுடியில் ஒட்டுகிறது. கிடைத்த தூள் முழுவதையும் தேனீ தன் கூட்டுக்கே கொண்டு சென்றுவிட்டால் மகரந்தச் சேர்க்கை நடைபெற இயலாது.

மலர் நிலைப்பு

ஒரு தேனீ ஒருமுறை வெளியே சென்று திரும்பும் வரை பெரும்பாலும் ஒரே வகைப் பூக்களையே நாடும். இப்பண்பு மலர் நிலைப்பு எனப்படும். பூசணிப் பூவின் மகரந்தம் எள்ளுப் பூவில் விழுந்தால் பயன் இல்லை. தேனீ பூவுக்குப் பூ இனம் மாறாமல் செல்வதால் மகரந்தம் உரிய இடத்தைச் சேர்கிறது. பிற பூச்சிகள் பலவற்றைவிடத் தேனீக்கள் சிறந்த மகரந்தச் சேர்ப்பிகளாக விளங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

கூட்டமாக வாழும் தேனீக்கள், பூக்கள் நிறைந்த இடத்தின் திசையையும் தொலைவையும் நடனத்தின் மூலம் கூட்டில் உள்ள பிற தேனீக்களுக்குத் தெரிவிக்கின்றன. இதனை ஆராய்ந்து விளக்கிய கார்ல் வொன் ஃபிரிஷ் 1973 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

அதிர்வு மகரந்தச் சேர்க்கை

தக்காளி, கத்தரி போன்ற செடிகளின் மகரந்தப்பை முழுவதுமாகத் திறப்பதில்லை. அதன் நுனியில் சிறு துளைகள் மட்டுமே உள்ளன. சில தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு, சிறகுகளை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் வேகமாக அதிரச் செய்கின்றன. அப்போது உப்புக்குப்பியிலிருந்து உப்பு கொட்டுவது போல் மகரந்தம் வெளிப்படுகிறது. பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீக்களுக்கு இத்திறன் இல்லை. இந்தியாவில் கருவண்டும், வயிற்றில் நீல வரிகள் கொண்ட நீலவரித் தேனீயும் இதனைச் செய்கின்றன. தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது. திறந்த வெளியில் காற்றின் அசைவும் அதற்கு உதவுகிறது. எனினும் காற்று புகாத பசுங்குடில்களில் அதிர்வு இன்றியமையாதது. ஆகவே ஐரோப்பாவில் 1980களின் இறுதியிலிருந்து பசுங்குடில் தக்காளிக்காகப் பம்பிள் தேனீக்கள் வணிக முறையில் வளர்க்கப்படுகின்றன.

தென்னிந்தியாவில் காணப்படும் தேனீக்கள்

மலைத்தேனீ: பாறைத்தேனீ என்றும் அழைக்கப்படும். உருவில் பெரியது. பாறை முகடு, உயர்ந்த மரம், கட்டடம் ஆகியவற்றில் ஒரே பெரிய அடையைத் திறந்த வெளியில் கட்டும். பருவத்துக்கேற்ப இடம் பெயரும். பெட்டிகளில் வளர்க்க இயலாது.

அடுக்குத்தேனீ: இந்தியத் தேனீ என்றும் வழங்கும். மரப்பொந்து, பாறை இடுக்கு, மண்சுவர் ஆகியவற்றினுள் பல அடைகளை அடுக்காகக் கட்டும். பெட்டிகளில் வளர்க்கத் தகுந்தது.

கொம்புத்தேனீ: சிறியது. புதர்களிலும் சிறு கிளைகளிலும் கையளவான ஓர் அடையைக் கட்டும்.

கொசுத்தேனீ: மிகச் சிறியது. கொட்டாது. சுவர் ஓட்டைகளிலும் மரப்பொந்துகளிலும் மெழுகும் பிசினும் கலந்து கூடு கட்டும். மற்றத் தேனீக்கள் நுழைய இயலாத சிறு பூக்களிலும் இது நுழையும்.

இத்தாலியத் தேனீ: ஐரோப்பியத் தேனீயின் ஒரு வகை. இந்தியாவில் 1960களில் வட மாநிலங்களில் நிலைபெற்றுப் பின்னர் பிற பகுதிகளுக்கும் பரவியது.

தனித்தேனீக்கள்: உலகின் தேனீ இனங்களுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு அரசித் தேனீ, வேலைக்காரத் தேனீ என்னும் பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே கூடு அமைத்து முட்டையிடும். தேனை மிகுதியாகச் சேமிப்பதில்லை. இவற்றுள் பல இனங்கள் மண்ணில் துளையிட்டு வாழ்கின்றன. கருவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் கூடு அமைக்கும். இலைவெட்டித் தேனீ, ரோசா போன்ற செடிகளின் இலைகளை வட்டமாக நறுக்கிக் கூட்டினுள் பரப்பும். இதனால் அதனைப் பயிர்ப் பகைப்பூச்சி எனக் கருதி அழிப்பவரும் உண்டு.

பயிர்களும் தேனீக்களும்

எல்லாப் பயிர்களும் தேனீக்களைச் சார்ந்தவை அல்ல. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவை தன் மகரந்தத்தாலோ காற்றாலோ கருவுறுகின்றன. உண்ணும் வாழை கருவுறாமலேயே காய்க்கிறது. 2007 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களுள் 87 பயிர்கள் ஏதேனும் ஓர் அளவில் விலங்குவழி மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளன என்றும், 28 பயிர்களுக்கு அது தேவையில்லை என்றும் கணக்கிட்டது. எடையின் அடிப்படையில் பார்த்தால், உலக உணவு விளைச்சலில் ஏறத்தாழ 35 விழுக்காடு அந்த 87 பயிர்களிலிருந்து கிடைக்கிறது.

தேனீக்கள் அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனமும் அழியும் என ஐன்ஸ்டைன் கூறியதாக ஒரு செய்தி பரவலாக உள்ளது. அவர் அவ்வாறு கூறியதற்குச் சான்று எதுவும் இல்லை. அச்செய்தி உண்மை நிலையையும் காட்டுவதன்று. தானியங்கள் தொடர்ந்து விளையும். குறைபவை பழங்கள், காய்கறிகள், எண்ணெய் வித்துகள், பருப்புகள், கொட்டைகள் ஆகியன. உயிர்ச்சத்துகளும் நுண் ஊட்டப் பொருள்களும் பெருமளவில் இவற்றிலிருந்தே கிடைப்பதால், தேனீக்களின் இழப்பு உணவின் அளவைவிட அதன் தரத்தையே மிகுதியாகப் பாதிக்கும்.

சில பயிர்களின் நிலை வருமாறு:

பூசணி, வெள்ளரி, பாகல், தர்பூசணி: இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ளன. மகரந்தம் போதிய அளவு கிடைக்காவிடில் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிரும். அல்லது காய் கோணலாக வளரும். உரக்குறைபாடு எனக் கருதப்படும் இக்குறைக்குப் பல இடங்களில் தேனீக்கள் இன்மையே காரணமாகும்.

சூரியகாந்தி: தேனீக்கள் போதிய அளவில் வந்து சென்றால் விதை பிடிப்பது கூடுகிறது; பொக்கு விதைகள் குறைகின்றன.

ஏலம்: மேற்குத் தொடர்ச்சி மலையில் அடுக்குத்தேனீயும் மலைத்தேனீயும் இதன் முதன்மை மகரந்தச் சேர்ப்பிகள். பூவின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள் மட்டுமே என்பதால், அந்த நாளில் தேனீ வராவிடில் காய் இல்லை.

காப்பி: ரோபஸ்டா வகை தன் மகரந்தத்தால் கருவுறாது. குடகுப் பகுதியில் பூக்கும் காலத்தில் மலைத்தேனீக்கள் இத்தோட்டங்களுக்குப் பெருமளவில் வருகின்றன.

முருங்கை: கருவண்டுகள் இதன் பூக்களை விரும்பி நாடுகின்றன.

ஆப்பிள்: பெரும்பாலான வகைகளுக்கு வேறொரு வகை ஆப்பிளின் மகரந்தம் தேவை. இமாச்சலப் பிரதேசத்தில் பூக்கும் பருவத்தில் தேன்பெட்டிகள் வாடகைக்கு எடுக்கப்பட்டுத் தோட்டங்களில் வைக்கப்படுகின்றன.

தேனீ இல்லாத இடத்தில்

தேனீக்கள் செய்யும் வேலையின் மதிப்பை, அவ்வேலையை மனிதரே செய்ய நேரும் இடங்களில் தெளிவாகக் காணலாம். மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட வனிலாக் கொடி பிற நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அதற்குரிய பூச்சிகள் அங்கு இல்லாமையால் பூத்ததேயன்றிக் காய்க்கவில்லை. 1841 ஆம் ஆண்டு ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்னும் 12 வயதுச் சிறுவன், சிறு குச்சியைக் கொண்டு கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய முறையைக் கண்டறிந்தான். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வனிலா பயிரிடுவோர் இன்றும் அம்முறையையே பின்பற்றுகின்றனர். பூக்கும் பருவத்தில் நாள்தோறும் காலையில் ஒவ்வொரு பூவையும் கையால் தொட வேண்டியிருப்பது, வனிலாவின் விலை உயர்வாக இருப்பதற்கு ஒரு காரணமாகும்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள ஹான்யுவான் பகுதியில், பேரி மரங்களுக்கு மனிதர்கள் ஏறி, கோலின் முனையில் கட்டிய இறகினால் மகரந்தம் தடவும் முறை 1980கள் முதல் பரவியது. பேரித் தோட்டங்களில் பூச்சிகொல்லி மிகுதியாகத் தெளிக்கப்பட்டதும், அதனால் தேனீ வளர்ப்போர் தம் பெட்டிகளை அங்கு கொண்டுவரத் தயங்கியதும் இதற்கான காரணங்களுள் அடங்கும். கூலி குறைவாக இருந்தவரை இம்முறை கட்டுப்படியாயிற்று. கூலி உயர உயர, இம்முறையைத் தொடர்வது கடினமாயிற்று.

தேன் விளைச்சலும் மகரந்தச் சேர்க்கையும்

தேன் எவ்வளவு கிடைக்கிறது என்பதைக் கொண்டு தேனீக்களின் பயனை அளவிட இயலாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள பகுதி தேனீ வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. அங்கு பெருமளவில் எடுக்கப்படும் தேன் இரப்பர் மரங்களிலிருந்து கிடைப்பதாகும். இரப்பர் மரம் தளிர்க்கும்போது அதன் இலைக்காம்பின் முனையில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறுகிறது. தேனீக்கள் பூவை நாடாமல் அந்நீரையே சேகரிக்கின்றன. தேன் மிகுதியாகக் கிடைத்தாலும் அங்கு மகரந்தச் சேர்க்கை நடைபெறுவதில்லை. மாறாக, ஒரு துளித் தேனையும் மனிதருக்குத் தராத கருவண்டும் நீலவரித் தேனீயும் காய்கறித் தோட்டங்களில் விளைச்சலைக் கூட்டுகின்றன.

ஒரே இனத் தேனீயைச் சார்ந்திருப்பதில் உள்ள இடரையும் தென்னிந்திய வரலாறு காட்டுகிறது. தாய்லாந்து சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் அடுக்குத்தேனீயின் புழுக்களைத் தாக்கி, அவற்றை நீர் நிறைந்த பை போலாக்கி அழிக்கிறது. 1991-92 ஆண்டுகளில் இந்நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, பெட்டிகளில் இருந்த கூட்டங்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அழிந்தன. தேனீ வளர்ப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் பல அத்தொழிலைக் கைவிட்டன. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்து படிப்படியாக மீண்டும் தேனீக்கள் பெருக்கப்பட்டன.

உலகின் பல பகுதிகளில் 41 பயிர் அமைப்புகளை ஒப்பிட்டு 2013 ஆம் ஆண்டு வெளியான ஆய்வும் இதனையே வலியுறுத்துகிறது. காட்டுப் பூச்சிகளின் வருகை கூடியபோது காய்ப்பிடிப்பு எல்லா இடங்களிலும் கூடியது. வளர்ப்புத் தேனீக்களின் வருகையால் ஏற்பட்ட உயர்வு அதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. வளர்ப்புத் தேனீக்கள் காட்டுத் தேனீக்களுக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாக முடியாது என்பது இதன் முடிவாகும்.

அச்சுறுத்தல்கள்

வாழிட இழப்பு: வரப்புகளில் உள்ள தும்பை போன்ற களைச்செடிகள், வேலிப் புதர்கள், பட்ட மரங்கள், உழப்படாத மேட்டு நிலம் ஆகியவை தேனீக்களுக்கு உணவும் உறைவிடமும் தருகின்றன. இவை பயனற்றவை எனக் கருதி அகற்றப்படுகின்றன. ஒரே பயிர் பரந்த நிலத்தில் பயிரிடப்படும்போது, அது பூக்கும் சில வாரங்கள் தவிர மற்ற நாள்களில் தேனீக்களுக்கு உணவு கிடைப்பதில்லை.

பூச்சிகொல்லிகள்: பூக்கும் வேளையில் தெளிக்கப்படும் பூச்சிகொல்லி தேனீக்களை நேரடியாகக் கொல்கிறது. நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் செடியின் உடல் முழுவதும் பரவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன. சிறிய அளவிலும் இவை தேனீக்களின் நினைவாற்றலையும் கூடு திரும்பும் திறனையும் பாதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையில் மூன்று மருந்துகளுக்கு 2013 இல் கட்டுப்பாடு விதித்து, 2018 இல் திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றிலும் தடை செய்தது.

நோய்களும் உண்ணிகளும்: வரோவா என்னும் உண்ணி ஆசியத் தேனீயில் இயற்கையாக வாழ்வது. ஆசியத் தேனீ அதனைத் தன் உடலிலிருந்து நீக்கும் திறன் பெற்றுள்ளது. 20 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தேனீக்கு மாறிய அவ்வுண்ணி, தேனீக்கள் கொண்டு செல்லப்பட்ட வழிகளிலெல்லாம் பரவிப் பெரும் அழிவை உண்டாக்கியது.

கூடுகளை எரித்தல்: நகரங்களில் நீர்த்தொட்டிகளிலும் அடுக்குமாடிகளிலும் மலைத்தேனீ கூடு கட்டும்போது, அச்சத்தால் தீயிட்டோ மருந்து தெளித்தோ அழிப்பது வழக்கமாக உள்ளது. ஒரு கூட்டில் பல்லாயிரம் தேனீக்கள் உள்ளன. பருவம் மாறியதும் அவை தாமே இடம் பெயர்ந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாதுகாப்பு முறைகள்

பயிர் பூத்திருக்கும்போது பூச்சிகொல்லி தெளிப்பதைத் தவிர்த்தல். தவிர்க்க இயலாவிடில், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளித்தல்; அருகில் தேன்பெட்டி வைத்திருப்போருக்கு முன்னரே அறிவித்தல்.

ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பூ கிடைக்குமாறு வரப்புகளிலும் வேலியோரங்களிலும் எள், கொத்தமல்லி, துவரை, துளசி, முருங்கை, புங்கம், வேம்பு போன்றவற்றை வளர்த்தல்.

மண்ணில் வாழும் தேனீக்களுக்காகச் சிறிது நிலத்தை உழாமலும் சிமெண்ட் பூசாமலும் விடுதல். பட்ட கிளைகளையும் மூங்கில் துண்டுகளையும் தோட்டத்தின் ஓரத்தில் விட்டுவைத்தல்.

ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு, தேனீக்கள் மூழ்காமல் நீர் அருந்த வகை செய்தல்.

மலைத்தேனீக் கூடு ஆளரவமற்ற உயரத்தில் இருப்பின் அதனைக் கலைக்காது விடுதல். பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் இடர் இருப்பின், பயிற்சி பெற்றோரைக் கொண்டு அகற்றுதல். மலைத்தேனீ பெருங்கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து விளையும் என்பதால் பயிற்சியற்றோர் முயலக்கூடாது.

காட்டில் தேன் எடுக்கும்போது அடை முழுவதையும் அழிக்காமல், தேன் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புழு அறைகளை விட்டுவைத்தல்.

அந்தந்த நிலப்பகுதிக்குரிய இனங்களையே வளர்ப்புக்குத் தேர்ந்தெடுத்தல். பிற இடங்களிலிருந்து கொண்டுவரும் கூட்டங்கள் நோய்களையும் உடன் கொண்டு வரக்கூடும்.

உலகத் தேனீ நாள்

சுலோவீனியாவின் முன்மொழிவை ஏற்று, மே 20 ஆம் நாளை உலகத் தேனீ நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2017 டிசம்பரில் அறிவித்தது. 2018 முதல் இந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. தற்காலத் தேனீ வளர்ப்பின் முன்னோடிகளுள் ஒருவரான அன்டன் யான்சாவை நினைவுகூரும் வகையில் இந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

தேனீ வளர்ப்பு
மகரந்தச் சேர்க்கை
கொசுத்தேனீ
மலைத்தேனீ
பூச்சிகொல்லி